சத்தம் போடாதவரை முதலில் பாருங்கள்

(மாவட்டத் தலைநகர் ஒன்றின் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்து நடக்காமல் தடுப்பதுதான் முதல் வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது விபத்து நடந்து முடிந்த பிறகு வரும் ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பற்றி. அதோடு சேர்த்து, விபத்தே இல்லாமல் வீட்டுக்குள் திடீரென்று வரும் வயிற்று வலியைப் பற்றியும் பேசப் போகிறேன். இரண்டும் வேறு வேறு நோய்களாகத் தெரியும். கேஷுவாலிட்டியில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே கேள்வியைத்தான் போடுகின்றன: இவரை அடுத்து எது கொல்லப் போகிறது, அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு முறையான ஒரு வரிசையைக் கொடுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர். 1976 பிப்ரவரியில் அவரே ஓட்டிவந்த சிறிய விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தின் வயல்வெளியில் விழுந்தது. மனைவி அந்த இடத்திலேயே இறந்துபோனார். நான்கு பிள்ளைகளில் மூவருக்குப் பலத்த காயம். வழியில் போன காரை நிறுத்தி அருகிலிருந்த ஊரின் மருத்துவமனைக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. திறந்த பிறகு கிடைத்த சிகிச்சையில் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற ஒழுங்கே இல்லை என்பதை, அடிபட்ட தகப்பனாகவும் மருத்துவராகவும் அவர் கண்முன்னால் பார்த்தார். அந்த வேதனையிலிருந்துதான் ஏ.டி.எல்.எஸ். என்ற பயிற்சி பிறந்தது. 1978-இல் நெப்ராஸ்காவிலேயே முதல் வகுப்பு நடந்தது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பாடம்.

வரிசை எளிமையானது. மூச்சு போகும் வழி திறந்திருக்கிறதா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா, இரண்டு பக்கமும் காற்று போகிறதா? ரத்த ஓட்டம் எப்படி? நினைவு எப்படி? கடைசியில், துணியை விலக்கி உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, உடனே போர்த்திவிட வேண்டும். இப்போது இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வெளியே பீறிடும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவதைச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. மூச்சுக்குழல் அடைத்தவர் சில நிமிடங்களில் இறந்துவிடுவார். உள்ளே ரத்தம் கசிபவருக்கு ஒருவேளை ஒரு மணி நேரம் இருக்கலாம். எலும்பு முறிந்தவர் பெரும்பாலும் நாளை வரை காத்திருப்பார். காயத்தின் கோரத்துக்கும் அது கொல்லும் வேகத்துக்கும் பல நேரங்களில் சம்பந்தமே இருப்பதில்லை. உச்சந்தலையில் கிழிந்து முகமெல்லாம் ரத்தமாக வருபவரைச் சுற்றி நாலு பேர் ஓடுவோம். பக்கத்துக் கட்டிலில் வாய் பேசாமல் வெளிறிப் படுத்திருப்பவரைப் பார்க்க ஆள் இருக்காது.

ஒரு தாலுகா மருத்துவமனையில் நான் பார்த்த இரவு ஒன்றைச் சொல்கிறேன். திருவிழா முடிந்து ஒரே பைக்கில் வந்த இரண்டு பையன்கள் மணல் சறுக்கி விழுந்துவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கால் திரும்பிக் கிடந்தது. அவன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஓட்டிவந்தவன் தானாக நடந்து வந்தான். சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் வீட்டுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தான். இரவு டூட்டி சிஸ்டர் கட்டுத்துணி எடுக்க அவனைத் தாண்டிப் போனவர் நின்றுவிட்டார்.

"தம்பி, உனக்கு எங்க அடி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஹேண்டில்பார் வயித்துல லேசா குத்துச்சு. தோள்லதான் கொஞ்சம் வலி. அவனப் பாருங்க. குடிக்கத் தண்ணி மட்டும் கிடைக்குமா?"

தண்ணீர் கேட்பது அது இரண்டாவது தடவை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவன் மேலுதட்டில் வியர்வை. சிஸ்டர் கையைப் பிடித்தார், ஜில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தி விட்டார். சிவப்பு திரும்பி வரத் தாமதமானது. பல்ஸ் 124. பி.பி. 116-க்கு 92. அந்தப் பெண்மணி உடனே அவனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இடது தோளில் வலி, தோளில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மண்ணீரல் கிழிந்து, ரத்தம் மேலே உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்தினால் அந்த வலி தோளில்தான் தெரியும். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்ததும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அது ரத்தம். வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்தோம், பையன் பிழைத்தான். கால் முறிந்தவனுக்குக் கட்டை வைத்துக் கட்டி வலி ஊசி போட்டிருந்தோம். அவனுக்கு மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது.

முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் செவிலியர் பள்ளி மாணவிகளே, அந்த பி.பி.யைக் கொஞ்சம் கவனியுங்கள். மேல் எண் 116. பார்த்தவுடன் நார்மல் என்று எழுதிவிடலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் நாலேகால் லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம், அதாவது ஒன்றேகால் லிட்டர் போகும்வரைக்கும் வாலிப வயதில் மேல் எண் விழுவதில்லை. இதயம் வேகமாக அடிக்கும். தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்து உடம்பு மூளையைக் காப்பாற்றும். அதனால் கை குளிர்கிறது, நாக்கு வறள்கிறது, கீழ் எண் ஏறி மேல் எண்ணை நெருங்குகிறது. மேல் எண் 80-க்கு விழும் நேரத்தில் உடம்பின் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும். வயதானவர்களிடமும், இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும் பல்ஸ்கூட ஏறாமல் ஏமாற்றும். ஆகவே ஒரே ஒரு எண்ணை நம்பாதீர்கள். கையைத் தொடுங்கள், கால்மணிக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள், எழுதிவையுங்கள்.

வெளியே தெரியாமல் உயிர் போகும் அளவுக்கு ரத்தம் தங்கக்கூடிய இடங்கள் நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்புக் கூடு, தொடை. ஐந்தாவது, விபத்து நடந்த ரோட்டிலேயே கொட்டிப்போன ரத்தம். அதை நாங்கள் பார்த்திருக்க மாட்டோம், கூட வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு தொடை எலும்பு முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே கசியலாம். இடுப்பெலும்பு உடைந்து விரிந்தால் அதற்கும் மேல். அந்தக் கசிவைக் குறைக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு போர்வையையோ மடித்த வேட்டியையோ, தொடை எலும்பின் மேல்பகுதி பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் உயரத்தில் இறுக்கிக் கட்டினால் விரிந்த எலும்பு நெருங்கி வரும், கசிவு குறையும். வயிற்றின்மேல் கட்டிவிடக் கூடாது. இடுப்பை அழுத்தி ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். உறைந்துகொண்டிருக்கும் ரத்தம் அதில் கலைந்துபோகும்.

ரத்தம் உறைவதைப் பற்றிச் சொல்லும்போது உடாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அவரும் கணவர் ஷோசுகேயும், பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்று தேடி, 1962-இல் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை வெளியிட்டார்கள். உறைந்த ரத்தம் மறுபடி கரைந்துவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். அது விபத்துக் காயத்தில் உயிர் காக்குமா என்று பெரிய அளவில் சோதித்துப் பார்க்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2010-இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 20,211 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 14.5 சதவீதம், பெறாதவர்களில் 16. வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் பதினைந்து பேர் வீடு திரும்புகிறார்கள் என்று பொருள். தாலுகா மருத்துவமனைகூட வாங்கி வைக்கக்கூடிய விலையில் உள்ள மருந்து இது. ஒரே நிபந்தனை நேரம். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், முதல் மணி நேரத்திலேயே கொடுத்தால் பலன் அதிகம். மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணம் கூடுகிறது என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. எனவே எத்தனை மணிக்கு அடிபட்டது என்ற கேள்வி வெறும் போலீஸ் கேள்வி அல்ல. கூட வருகிறவர்கள் அதை நினைவில் வைத்துச் சொன்னால் அதுவே ஒரு சிகிச்சை.

உறவினர்கள் என்னிடம் கோபத்தோடு கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்ல விரும்புகிறேன். "வயித்தைத் தைக்காமலே வெளிய கொண்டு வந்துட்டீங்களே டாக்டர்?" நிறைய ரத்தம் இழந்தவரின் உடம்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் ரத்தம் உறையாது. திசுக்களுக்குப் பிராணவாயு போகாததால் ரத்தத்தில் அமிலம் கூடும், அதிலும் உறையாது. உறையாததால் மேலும் ரத்தம் போகும், மேலும் குளிரும். இந்தச் சுழலுக்குள் இருப்பவரை நாலு மணி நேரம் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் அழகாகச் சரிசெய்ய நினைத்தால், ஆபரேஷன் நன்றாக முடியும், நோயாளி இருக்க மாட்டார். வெள்ளத்தில் கரை உடைந்தால் அந்த இரவில் மணல் மூட்டை மட்டும்தான் அடுக்குவார்கள், மதகைக் கட்டுவது தண்ணீர் வடிந்த பிறகு. அதைப் போல, ரத்தத்தை நிறுத்தி, கிழிந்த குடலின் முனைகளை அடைத்து, பஞ்சுத்துணிகளை அழுத்தி வைத்துவிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் உடம்பைச் சூடேற்றுவோம், ரத்தம் ஏற்றுவோம். ஒன்றிரண்டு நாளில் மறுபடி திறந்து மிச்ச வேலையை முடிப்போம். அறுவை மருத்துவம் கடைசி ஐம்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பெரிய அடக்கம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தலைக்காயத்திலும் அமைதிதான் ஏமாற்றும். விழுந்ததும் கொஞ்ச நேரம் மயக்கம், பிறகு எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார், வீட்டுக்கும் போய்விடுவார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையில் ஒரு ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், சில மணி நேரத்தில் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும், ஒரு பக்கத்துக் கண்பாவை விரியும். இந்த நேரத்தில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தால் பெரும்பாலும் முழுசாகப் பிழைப்பார். தூங்கட்டும் என்று விட்டுவிட்டால் காலையில் எழுப்ப முடியாது. இன்னொன்று. "குடிச்சிருக்கான் சார், போதை தெளிஞ்சா எந்திரிச்சிருவான்." கேஷுவாலிட்டியில் இதைவிட ஆபத்தான வாக்கியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. குடித்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியும். குடித்திருப்பதால் நினைவு மங்கியிருக்கிறது என்று முடிவு கட்டும் உரிமை, தலையை ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் நமக்கு வருகிறது.

ரோட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, உடம்புப் பாரம் இறங்கும்படி விடாமல் அழுத்துங்கள்; நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருந்து ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். தண்ணீரும் சோடாவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். உணர்வில்லாதவர் வாந்தி எடுத்தால், தலையும் கழுத்தும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களியுங்கள். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுவருவதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு கலங்கும். உதவும் மனசு இருக்கிறது, ஆனால் முறிந்த கழுத்தெலும்பு அந்த மடக்கலில் தண்டுவடத்தை அறுத்துவிடும். 2008-இலிருந்து 108 நம் மாநிலத்தில் ஓடுகிறது. கூப்பிடுங்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்று தயங்காதீர்கள். விபத்தில் அடிபட்டு வருபவருக்குச் சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திராமல் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே பரமானந்த கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. உதவியவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு அதே நீதிமன்றம் 2016-இல் சட்ட பலம் தந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே அதற்காக இருக்கிறது. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமல் போகலாம். பணம் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் அடிபட்ட எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இனி வயிறு. கல்லடைப்பு வலியில் மனிதர் உருளுவார், எழுந்து நடப்பார், சுவரில் முட்டிக்கொள்வார். கத்தலைக் கேட்டால் உயிரே போகிறது என்று தோன்றும், போகாது. குடலிலோ இரைப்பையிலோ ஓட்டை விழுந்து வயிற்றறை அழற்சி வந்தவர் அசையவே மாட்டார். முழங்காலை மடக்கிக்கொண்டு, மேலோட்டமாக மூச்சுவிட்டுக்கொண்டு கிடப்பார். ஸ்ட்ரெச்சர் வாசல்படியில் தட்டினால் முகம் சுளிக்கும். கை வைத்தால் வயிறு கல்லாக இறுகியிருக்கும். இதிலும் கொடுமையான ஒரு கட்டம் இருக்கிறது. இரைப்பைப் புண் வெடித்த சில மணி நேரத்தில் வலி தானாகக் குறையும். அமிலத்தின் எரிச்சல், கசிந்த நீரில் கொஞ்சம் தணிந்துவிடும். வீட்டில் "கேஸ்தான், ஓமத்தண்ணி கொடுத்தோம், இப்ப பரவாயில்ல" என்பார்கள். பல்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த நாள் வயிறு உப்பி, சிறுநீர் குறைந்து வரும்போது அதே ஆபரேஷன் பலமடங்கு ஆபத்தானதாகிவிடுகிறது. குடல்வால் வெடிக்கும்போதும் இப்படி ஒரு பொய் ஆறுதல் வருவதுண்டு.

வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும், டாக்டர் பார்க்கும்வரை ஊசி போடாதீர்கள் என்று எங்களுக்கே சொல்லித்தந்தார்கள். லண்டனின் சக்கரி கோப் 1921-இல் எழுதிய வயிற்று நோய்ப் பாடநூல் காலத்து எச்சரிக்கை அது. ஸ்கேன் இல்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பிற்கால ஆய்வுகள் மருத்துவமனையில் முறையாகக் கொடுக்கும் வலி மருந்து நோயறிதலைக் கெடுப்பதில்லை என்று காட்டிவிட்டன. வலியில் துடிப்பவரைக் காக்கவைப்பதில் எந்த வைத்தியமும் இல்லை. மருந்துக்கடையில் தானாக ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பது வேறு விஷயம். அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கூச்சத்தால் இழப்பவை இரண்டு உண்டு. பதின்வயதுப் பையனுக்குத் திடீரென்று விதைப்பையில் வலி வந்தால், அது முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் திருப்பிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பையன் அம்மாவிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்வான். அப்பா கேட்க வேண்டும். மருத்துவர் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அடிவயிற்று வலியோடு மயங்கி விழும் இளம்பெண். கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். எனக்குத் தெரிந்த நல்ல வழி, அம்மாவை மருந்துச்சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாக, குற்றம் சாட்டாத குரலில் கேட்பது. கல்யாணம் ஆகவில்லை என்ற பதில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. அவள் உயிர் பெரிது.

பெரியவர்களே, குடலிறக்கத்தை வருஷக்கணக்கில் கையால் தள்ளிவிட்டுக்கொண்டு இருப்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். தள்ளினால் உள்ளே போகவில்லை, வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் அன்றைக்கே வாருங்கள். மாட்டிக்கொண்ட குடல் சில மணி நேரத்தில் அழுகிவிடும்.

கடைசியாக, 108-ஐக் கூப்பிடும்போது என்ன சொல்வது என்று வரும் வழியில் வாசகர் வட்டத் தலைவர் கேட்டார். இடம், பக்கத்து அடையாளம். எத்தனை பேருக்கு அடி. வண்டிக்குள் யாராவது மாட்டியிருக்கிறார்களா. பேசாமல் கிடப்பவர் எத்தனை பேர். எத்தனை மணிக்கு நடந்தது. போனை வைத்துவிடாதீர்கள், அந்தப் பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். அதற்குள் கத்துகிறவரிடம் ஒருவரை நிறுத்திவிட்டு, நீங்கள் மற்றவரிடம் போய் அவர் கையைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் அதையும் போனில் சொல்லுங்கள்.